ஏழாம் பக்கம், மின்விசிறிக்குக் கீழே

அன்புள்ள அண்ணனுக்கு (கூடப் பிறந்தவர் என்ற முறையிலும், நம் குடும்ப மலரின் ஆசிரியர் என்ற முறையிலும்),

போதுமான காலம் வாய் மூடி இருந்துவிட்டேன். இனிமேல் முடியாது. நாங்கள் சுகமென்றும் நீங்கள் சுகமா என்றும் முதல் வரியில் எழுதுவது முறை. நீங்கள் சுகமாகத்தான் இருப்பீர்கள். மலரின் மூன்றாம் பக்கத்தில் உங்கள் பாக்கியங்கள் பத்தும் வண்ணப் படத்தோடு வந்திருக்கின்றன. இங்கே வீட்டில் இருப்பது மூன்று பேர். ஒருத்தி பையைக் கட்டி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள், ஒருத்தி என்னோடு பேசுவதில்லை, மூன்றாவது ஆள் இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறான். அண்ணிக்கு என் வணக்கம். இத்துடன் மரியாதைப் பகுதி முடிந்தது.

இந்த வருடத்து 'குடும்ப நன்றி மலர்' போன மாதம் வந்து சேர்ந்தது. எழுபத்தைந்து பிரதி, வழவழப்பான தாள், சொந்த அச்சகம் இருப்பதால் எழுத்தெல்லாம் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருக்கிறது. குறை சொல்ல அச்சில் ஒன்றுமில்லை. அச்சேறிய விஷயத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். வருடா வருடம் நீங்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு படிவம் அனுப்புகிறீர்கள். 'இவ்வாண்டு எங்கள் இல்லம் பெற்ற பாக்கியங்கள்' என்று தலைப்பு, அதன் கீழே ஒன்று முதல் பத்து வரை வரிகள். பத்தும் நிரம்பாவிட்டால் படிவம் திரும்பி வந்துவிடும். ஒரு வருடம் நான் ஆறோடு நிறுத்திக்கொண்டேன். 'நன்றாக யோசித்துப் பார், இன்னும் நான்கு இருக்கும்' என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்பினீர்கள். யோசித்துப் பார்த்தேன். கூரை ஒழுகவில்லை, பல் விழவில்லை, மேலதிகாரி மாற்றலாகிப் போனார், பக்கத்து வீட்டு நாய் குரைப்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டது. நான்கையும் அப்படியே எழுதி அனுப்பினேன். நீங்கள் அச்சிட்டது இது: 'நல்ல இல்லம், நல்ல ஆரோக்கியம், பணியில் மனநிறைவு, அன்பான அயலார்.' பணியில் மனநிறைவாம். இருபத்தாறு வருடமாகக் கடை கடையாக ஏறி இறங்கித் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துகிறவன் நான். மேலதிகாரியின் மைத்துனர் கடைத் தராசில் கிலோவுக்கு முப்பது கிராம் குறைகிறது என்று அறிக்கை எழுதியதற்காக இரண்டு பதவி உயர்வைப் பறிகொடுத்தவன். அப்போது என்னிடம், "ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டா என்னடா குறைஞ்சு போயிடும்" என்று கேட்டவர் நீங்கள். முப்பது கிராம் குறைந்து போயிருக்கும். அன்றைக்குச் சொல்லத் தோன்றவில்லை. பதினோரு வருடம் கழித்து இப்போது சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். நான் படிக்கும்போது என் மேசையை நீங்கள் எடுத்துக்கொண்டதையும், உங்கள் கல்யாணப் படத்தில் என் முழங்கை மட்டும் தெரிகிறபடி வெட்டி மாட்டியிருப்பதையும் பொறுத்துக்கொண்டேன். நான்காம் பக்கத்துக் குடும்பப் பட்டியலில் என் பெயருக்கு நேரே 'பிள்ளைகள்' என்ற கட்டத்தில் பத்தொன்பது வருடமாக ஒரு சின்னக் கோடு போடுகிறீர்களே, அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். மற்ற எழுத்துகளை விட அந்தக் கோடு மட்டும் கொஞ்சம் தடிப்பாக விழுகிறது. அச்சகத்தில் கேட்டால் தற்செயல் என்பார்கள். இருக்கட்டும்.

இந்த வருடம் படிவம் வந்தபோது, முதல் முறையாக, எழுதுவதற்கு என்னிடம் விஷயம் இருந்தது. உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் மற்ற எழுபத்துநான்கு பிரதிக்காரர்களுக்கும் தெரிய வேண்டும் என்பதால் முழுவதும் எழுதுகிறேன். எட்டு மாதத்துக்கு முன்னால் குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து ஒரு பெண் எங்கள் வீட்டுக்கு வளர்ப்புக்கு வந்தாள். பதினோரு வயது. இது தத்து இல்லை. அவளுடைய அம்மா தையல் வேலை செய்தவர். இப்போது நீண்ட சிகிச்சைக்காக மருத்துவமனையில் இருக்கிறார். அவர் எழுந்து நடமாடித் தன் வீட்டைத் தானே பார்த்துக்கொள்ளும் வரைக்கும் பிள்ளை எங்களிடம். விண்ணப்பம் போட்டது என் மனைவி. நான் கையெழுத்து மட்டும் போட்டேன், அதுவும் மூன்று தடவை படித்துவிட்டு.

வந்த இரண்டாம் நாளே சமையலறையில் எனக்கு முதல் அடி விழுந்தது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் மருத்துவர் எனக்கு வேளைக்கு இருநூறு கிராம் சோறு என்று அளவு வைத்தார் அல்லவா, அன்று முதல் என் மனைவி அலமாரியில் இருக்கும் முள் தராசில் நிறுத்துத்தான் எனக்குப் பரிமாறுகிறாள். இந்தப் பெண் என் அலுவலகப் பையிலிருந்து இருநூறு கிராம் எடைக்கல்லை எடுத்து, சும்மா விளையாட்டாக, அந்தத் தராசின் மேல் வைத்தாள். முள் இருநூற்று நாற்பதில் போய் நின்றது.

"அத்தை, இது நாப்பது கூடக் காட்டுது."

என் மனைவி குனிந்து பார்த்தாள். "அப்படின்னா?"

"அப்படின்னா ஒம்பது வருஷமா சாருக்கு நூத்தி அறுபதுதான் போட்டிருக்கீங்க. அதான் எப்பவும் கோவமா இருக்கார்."

ஊரிலிருக்கிற அத்தனை தராசையும் சோதித்தவன், என் வீட்டுத் தராசை ஒரு நாளும் தொட்டுப் பார்க்கவில்லை. என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டே வெகு காலமாகியிருந்தது. அன்றிலிருந்து எனக்குப் பெயர் 'தராசு சார்'. அன்றிலிருந்து இருநூறு கிராம் சாப்பிடுகிறேன். கோபம் குறையவில்லை என்பதை இந்தக் கடிதத்திலிருந்தே தெரிந்துகொள்வீர்கள்.

அவளுக்கும் எனக்கும் தினமும் சண்டைதான். குளியலறைக்கு யார் முதலில், வானொலியில் எந்த நிலையம், பேருந்தில் ஜன்னல் ஓரம் யாருக்கு. அவளுக்கு எதுவும் மறப்பதில்லை. ஒரு நாள், "வந்த மூணாவது வாரம் புதன்கிழமை என் குடையை எடுத்துட்டுப் போனீங்க" என்றாள். நான் சொன்னேன், "அதை இன்னுமா மனசுல வெச்சிருக்கே?" உடனே பதில் வந்தது: "உங்க அண்ணன் மேசையை எடுத்துக்கிட்டதை நீங்க வெச்சிருக்கீங்கல்ல. அது நான் பிறக்கறதுக்கு முன்னாடி." எட்டு மாதத்தில் அவள் எனக்கு ஒரு தடவையும் நன்றி சொன்னதில்லை. நானும் அவளுக்குச் சொன்னதில்லை. வீட்டில் யாரும் யாருக்கும் தலை குனிந்து நடக்காததால் எல்லாரும் நிமிர்ந்து நடக்கிறோம்.

ஆகவே படிவத்தில் முதல் வரியில் எழுதினேன்: 'இந்த வருடம் வீட்டில் என்னோடு சரிசமமாகச் சண்டை போட ஓர் ஆள் கிடைத்தது.' இரண்டாவது வரியில் 'மேற்படி' என்று எழுதினேன். மூன்றிலிருந்து பத்து வரைக்கும் அதே 'மேற்படி'. பத்தொன்பது வருடத்தில் நான் உண்மையாக நிரப்பிய ஒரே படிவம் அதுதான்.

இதற்கு நடுவில் உங்கள் பை வழங்கும் விழா வந்தது. இந்த வட்டாரத்தில் வளர்ப்பு வீடுகளில் இருக்கும் பிள்ளைகளுக்கு உதவ நீங்கள் ஒரு குழு அமைத்திருப்பது நல்ல காரியம்தான். மறுக்கவில்லை. ஆனால் பதினான்கு பிள்ளைகளை மேடையில் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவர் கையிலும் ஒரு பள்ளிக்கூடப் பையைக் கொடுத்து, கொடுக்கும்போது கையை எடுக்காமல் படக்காரருக்காகக் காத்திருந்து, பிறகு மைக்கை நீட்டி, "நன்றி சொல்லும்மா" என்று சொல்ல வைத்தீர்களே, அது யார் யோசனை? ஆறு பிள்ளைகள் சொன்னார்கள். ஏழாவதாக எங்கள் வீட்டுப் பெண். அவள் பையை வாங்கினாள், ஜிப்பை இழுத்துப் பார்த்தாள், மைக்கில் வாயை வைத்து, "ஜிப் வேலை செய்யலை" என்றாள். அதற்குப் பிறகு நடந்ததற்கு அவள் பொறுப்பில்லை: ஏற்கெனவே வாங்கியவர்களும் பிறகு வாங்கியவர்களுமாக மற்ற பதின்மூன்று பிள்ளைகளும் ஆளுக்கொரு ஜிப்பை இழுத்துப் பார்த்தார்கள். மொத்தம் ஒன்பது பாதியிலேயே நின்றன. மேடையை விட்டு இறங்கும்போது நீங்கள் என் காதில் சொன்னது எனக்கு இன்னும் கேட்கிறது: "நன்றி கெட்ட பிள்ளைடா." அண்ணா, என் தொழிலில் ஒரு பொருளைக் கையில் வாங்கினால் அது சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் மரியாதை. கடையில் அந்தப் பைகளைச் சோதிக்காமல் வாங்கியவரை யாரும் எதுவும் சொல்லவில்லை, சோதித்தவளுக்கு மட்டும் பட்டம் கொடுத்தீர்கள்.

பிறகு மலர் வந்தது. என் மனைவி ஆசையோடு நான்காம் பக்கத்தைப் பிரித்தாள். என் பெயர், அதற்கு நேரே அதே கோடு. அதன் கீழே எங்கள் பாக்கியங்கள்: 'நற்சுற்றம், நற்சிந்தனை, நல்லுறக்கம்' என்று ஆரம்பித்துப் பத்து 'நல்' வரிசையாக நின்றது. நான் எழுதிய முதல் வரியைக் காணவில்லை. ஒன்பது 'மேற்படி'யையும் காணவில்லை. தேடிக்கொண்டே போனால் ஏழாம் பக்கத்தில், 'உதவிகள்' என்ற தலைப்பில் இருக்கிறது. மேலே மருத்துவமனைக் காத்திருப்பு அறைக்கு நீங்கள் கொடுத்த இரண்டு மின்விசிறிகளின் படம். கீழே, ஏழை எளியோருக்குப் பழந்துணி மூன்று மூட்டை. நடுவில் எங்கள் பெண், மேடையில், கையில் பையோடு. அதன் கீழ்: 'ஆதரவற்ற சிறுமிக்கு நிழல் தந்த நம் இல்லம். நன்றிக் கண்ணீருடன் அவள்.' படத்தை உற்றுப் பாருங்கள். வாய் பாதி திறந்திருக்கிறது. அவள் அப்போது 'ஜிப்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இதோடு போயிருந்தால்கூட நான் வழக்கம்போலப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். ஆனால் மின்விசிறி கொடுத்த கையோடு மலரின் பத்துப் பிரதிகளையும் அதே காத்திருப்பு அறை மேசையில் வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். எந்த மருத்துவமனை என்று யோசித்துப் பார்க்கவில்லை. ஒன்று விட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அந்தப் பெண்ணை அவளுடைய அம்மாவிடம் அழைத்துப் போவது அதே மருத்துவமனைக்குத்தான். போன ஞாயிறு போனோம். மேல்மாடி, பெண்கள் பகுதி, ஜன்னலிலிருந்து மூன்றாவது கட்டில். அந்த அம்மா தலையணைக்கு அடியிலிருந்து மலரை எடுத்தார். ஏழாம் பக்கம் வெளியே தெரியும்படி மடித்து வைத்திருந்தார். மகள் தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரம் பார்த்து, ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

"சார், ஆதரவற்றன்னா நான் இல்லைன்னு அர்த்தமா?"

நான் "அச்சுப்பிழைம்மா" என்றேன். எந்தக் கடைக்காரனிடமும் நான் அப்படிப் பூசி மெழுகினது கிடையாது. பெண் அதற்குள் திரும்பி வந்துவிட்டாள். தண்ணீர்ப் புட்டியைக் கட்டிலோரம் வைத்துவிட்டுச் சொன்னாள்: "அச்சுப்பிழை இல்லம்மா. இவங்க அண்ணன் எழுதினது." அம்மா மகளுடைய தலையை வாரிவிட்டார். கொஞ்சம் வாரினதும் கை ஓய்ந்து போய், சீப்பை மடியில் வைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். அந்த ஆதரவைத்தான் அண்ணா, நீங்கள் ஒரு வார்த்தையில் இல்லையென்று ஆக்கிவிட்டீர்கள்.

திரும்பி வரும்போது பேருந்தில் அவள் ஜன்னல் ஓரத்தை எனக்கே விட்டுவிட்டாள். எட்டு மாதத்தில் அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்ததும் துணிமணிகளையெல்லாம் உங்கள் பையில் அடைத்து, ஜிப் மூடாததால் கயிறு போட்டுக் கட்டி, கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு சமையலறைக்குப் போய் என் மனைவியிடம், "அத்தை, வர்ற வியாழக்கிழமை நல அலுவலர் வருவாங்கல்ல, இங்கயே இருக்கியான்னு கேப்பாங்கல்ல. நான் விடுதிக்குப் போறேன்னு சொல்லப் போறேன். உங்ககிட்ட முன்னாடியே சொல்லிடணும்னு தோணுச்சு" என்றாள்.

"இங்க உனக்கு என்னடி குறை வெச்சேன்?"

"ஒரு குறையும் இல்லை அத்தை. ஆனா நான் ஏழாம் பக்கத்துல இருக்க மாட்டேன். விடுதியில நம்பர் மட்டும்தான் போடுவாங்க."

என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு என்னிடம் வந்தாள். "எங்க அண்ணன் பண்ணினதுக்கு நான் என்ன பண்ணுவேன்" என்று நான் ஆரம்பிப்பதற்குள், "படிவத்தை நிரப்பி அனுப்பினது யாரு" என்று கேட்டாள். அதுதான் என்னோடு அவள் கடைசியாகப் பேசியது. இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.

நேற்று உங்களுக்குத் தொலைபேசியில் சொன்னேன். நீங்கள் மறந்திருந்தால், நாம் பேசியது இது.

"நல்ல எண்ணத்துலதானேடா போட்டேன்."

"அவங்க அம்மா உயிரோட இருக்காங்க."

"அது ஒரு வார்த்தைடா. படிக்கிறவங்க மனசு இளகணும் இல்ல? நாலு பேர் பார்த்துட்டு அவங்களும் ஒரு பிள்ளையை எடுத்து வளர்ப்பாங்க."

"நான் குடும்பப் பக்கத்துக்குன்னு எழுதினதை எதுக்கு அங்க தூக்கிப் போட்டீங்க?"

"குடும்பப் பக்கத்துல எப்படிடா போடறது? நாளைக்கே போயிடற பொண்ணு."

எனக்குப் பதில் எப்போதும் தாமதமாகத்தான் வரும். இதோ வந்துவிட்டது. உங்கள் மருமகன் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வருகிறார், சாப்பிடுகிறார், நம் ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று போய்விடுகிறார். மூன்றாம் பக்கத்தில் கோட்டு சூட்டோடு அரைப்பக்கத்துக்கு நிற்கிறார். சின்னத் தங்கை கோபித்துக்கொண்டு போய் ஐந்து வருடமாகிறது; அவள் படம் இன்னும் வருகிறது. நீங்களும் நானும் மட்டும் என்ன, இங்கேயே முளை அடித்துக்கொண்டா இருக்கப் போகிறோம்? நாளைக்குப் போய்விடுகிறவர்களை எல்லாம் எடுத்துவிட்டால் உங்கள் மலரில் அட்டைதான் மிஞ்சும். அவள் அம்மா நன்றாகி வந்து கூட்டிக்கொண்டு போகிற நாள் வரும்; வர வேண்டும். அதுவரை என் வீட்டில் ஜன்னல் ஓரத்துக்காக என்னோடு மல்லுக்கு நிற்கிறவள் என் குடும்பம். நாளைக்குப் போவதைக் காரணம் காட்டி இன்றைக்கு இருப்பதை அழிக்க எந்த ஆசிரியருக்கும் உரிமை கிடையாது.

ஆகையால் கேட்டுக்கொள்கிறேன், இல்லை, கேட்டுக்கொள்ளவில்லை, சொல்கிறேன். வியாழக்கிழமைக்குள் ஒரு திருத்தச் சீட்டை அச்சடித்து எழுபத்தைந்து பிரதியிலும் ஏழாம் பக்கத்தின் மேல் ஒட்டியாக வேண்டும். பசை நல்ல பசையாக இருக்கட்டும். நான்காம் பக்கத்தில் அந்தக் கோட்டை எடுத்துவிட்டு அவள் பெயரைப் போட வேண்டும். என் முதல் வரி நான் எழுதியபடியே வர வேண்டும், ஒன்பது மேற்படியோடு. அடுத்த மலரின் முதல் பக்கத்தில் இந்தக் கடிதம் ஒரு எழுத்துக்கூடக் குறையாமல் வர வேண்டும். மேசை, முழங்கை உட்பட. உங்கள் குழுவுக்கு ஒரு வார்த்தை: வளர்ப்பு வீட்டுப் பிள்ளைகளுக்கு உதவ வேண்டுமென்றால் முதலில் மைக்கை அணையுங்கள். அந்தப் பதினான்கு பேரில் ஐந்து பேருக்கு ஞாயிற்றுக்கிழமை மருத்துவமனைக்கோ பெற்றவர் வீட்டுக்கோ கூட்டிக்கொண்டு போய் வர ஆள் இல்லை. நல அலுவலர் அம்மா ஒற்றை ஆளாக அலைகிறார். உங்கள் குழுவில் கார் வைத்திருப்பவர்கள் பதினெட்டுப் பேர். வண்டியை எடுங்கள். போகிற வழியில் பிள்ளையை எதுவும் சொல்லச் சொல்லாதீர்கள். ஜன்னல் ஓரத்தைக் கொடுங்கள், போதும்.

மூத்தவர் நீங்கள், ஆசி சொல்கிற உரிமை உங்களுடையது. இந்த வருடம் எனக்கு அது வேண்டாம். அதற்குப் பதிலாகத் திருத்தச் சீட்டை அனுப்புங்கள். அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. மருமகனுக்கும்தான், வந்தால்.

இப்படிக்கு,

பின்குறிப்பு (வியாழக்கிழமை, பிற்பகல்): மேலே எழுதியிருக்கும் எதையும் அச்சிட வேண்டாம்.

எதையும் மறுநாள் ஒரு முறை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவது என் பழக்கம். அதற்காகச் செவ்வாய்க்கிழமை இந்தத் தாள்களை மேசையின் மேல் வைத்துவிட்டு அலுவலகம் போனேன். திரும்பி வந்தால் அவள் எல்லாவற்றையும் விரித்து வைத்துக்கொண்டு, பென்சிலும் கையுமாக உட்கார்ந்திருக்கிறாள். தராசு முப்பத்தெட்டுதான் கூடக் காட்டியது, நாற்பது இல்லையாம். குடையை எடுத்தது புதன் இல்லை, வியாழனாம். ஓரத்தில் குறித்து வைத்திருக்கிறாள், பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு கேட்டாள்:

"இதை எத்தனை பேர் படிப்பாங்க?"

"எழுபத்தஞ்சு பிரதி. வீட்டுக்கு நாலு பேர்னா முன்னூறு."

"முன்னூறு பேருக்கும் எங்க அம்மா எந்தக் கட்டில்ல படுத்திருக்காங்கன்னு தெரியணுமா?"

நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"உங்க அண்ணன் ரெண்டு வரிதான் எழுதினார் சார். நீங்க ஆறு பக்கம் எழுதியிருக்கீங்க."

அண்ணா, ஐம்பத்திரண்டு வயதில் எத்தனையோ பேர் என்னை நிறுத்துப் பார்த்திருக்கிறார்கள். இவ்வளவு சரியாக யாரும் நிறுத்ததில்லை. உங்கள் மேல் இருக்கிற கோபத்தை எழுதுவதற்கு நானும் அவளைத்தான் மேடையில் ஏற்றியிருக்கிறேன், அவள் அம்மாவையும் சேர்த்து. நீங்கள் செய்தது தவறு என்பதில் மாற்றமில்லை. நானும் அதே வேலையைக் கூடுதல் பக்கங்களில் செய்தேன் என்பதைச் சேர்த்துக்கொள்கிறேன்.

"அந்தக் கோட்டுல என் பேரைப் போடச் சொல்லாதீங்க" என்றாள். "நான் எங்க அம்மா பொண்ணு."

"சரி."

"கோவமா?"

"இல்லை."

"பொய்."

"கொஞ்சம்" என்றேன்.

இன்று காலை பதினோரு மணிக்கு நல அலுவலர் வந்தார். அவளை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அரை மணி நேரம். நானும் என் மனைவியும் சமையலறையில் நின்றோம். நான்கு நாளுக்குப் பிறகு என் மனைவி முதல் தடவையாக என்னிடம் வாய் திறந்தாள்: "அந்தத் தராசைக் கீழ வைங்க. எதுக்குக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கறீங்க?" அப்போதுதான் அது என் கையில் இருப்பது எனக்கே தெரிந்தது. கதவு திறந்தது. இன்னும் ஆறு மாதத்துக்கு அவள் எங்கள் வீட்டிலேயே இருக்கிறாள். படிவத்தில் 'பிள்ளையின் விருப்பம்' என்ற இடத்தில் அலுவலர் அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருக்கிறார்: 'இந்த வீட்டிலோ இவர்கள் சொந்தத்திலோ யாரும் என்னைப் பற்றியும் என் அம்மாவைப் பற்றியும் அச்சில் போடக் கூடாது. நல்லதாகவும் போடக் கூடாது.' ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. ஆசிரியராக இருப்பவர்கள் அந்த அம்மாவிடம் கற்றுக்கொள்ளலாம். நானும் என் மனைவியும் கீழே கையெழுத்திட்டோம். இப்போது பையின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருக்கிறாள். முடிச்சு இறுகிவிட்டது, வெட்டவும் விடமாட்டேன் என்கிறாள், உதவவும் விடமாட்டேன் என்கிறாள்.

ஆகவே திருத்தச் சீட்டு வேண்டாம். காத்திருப்பு அறையில் மிச்சமிருந்த ஒன்பது பிரதிகளையும் நேற்று நானே போய் எடுத்து வந்துவிட்டேன். அதற்குப் பெயர் திருட்டு என்று உங்களுக்குத் தோன்றினால் புகார் கொடுங்கள், ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். அடுத்த முறை நாங்கள் மருத்துவமனைக்குப் போவது வருகிற ஞாயிறு இல்லை, அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு. வாருங்கள். படக்காரர் வேண்டாம், பை வேண்டாம், பழக்கூடை வேண்டாம். அந்த அம்மாவுக்கு எதிரில் ஒரு நாற்காலி இருக்கும். அதில் உட்கார்ந்து, அது அச்சுப்பிழை இல்லை, என் பிழை என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். அச்சுப்பிழை என்று பொய் சொன்னது என் பிழை என்று நானும் பக்கத்தில் நின்று சொல்கிறேன். மன்னிப்புக் கேட்டால் எனக்கும் என்ன குறைகிறது என்று பார்த்துவிடலாம். பதிலுக்கு யாரும் நன்றி சொல்ல மாட்டார்கள், எதிர்பார்த்துக்கொண்டு வராதீர்கள்.

கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தேன். அவள் மலரின் பின்னட்டையை என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். அடியில் பொடி எழுத்தில் உங்கள் விதி: கையெழுத்தில்லாத கடிதங்கள் பிரசுரிக்கப்பட மாட்டா. எழுபத்தைந்து பிரதி வாங்கியவர்களில் அதைப் படித்தவள் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

"நீங்க கையெழுத்துப் போட்டா அவர் போட்டுடுவார்."

"அச்சிட வேண்டாம்னுதான் எழுதியிருக்கேனே."

"மேற்படின்னு எழுதினதையே மாத்திப் போட்டவர் சார் அவர்."

இருபத்தாறு வருடத்தில் என் கையெழுத்தில்லாமல் ஒரு தாளும் என் கையை விட்டுப் போனதில்லை; எத்தனை மிரட்டியும் போட்ட கையெழுத்தை நான் திரும்ப வாங்கியதுமில்லை. இதுதான் முதல் தாள். இனிமேல் ஒரு சொல்லையும் சேர்க்காமல் இருப்பதற்காகப் பேனாவைக் கொடுங்கள் என்று கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். தபால் பெட்டி வரைக்கும் கூடவே வருவாளாம். வழியில் யாரிடமாவது பேனா கடன் வாங்கிவிடுவேன் என்று சந்தேகம். என்னை நம்பவில்லை. நானும் அவள் இடத்தில் இருந்தால் நம்பமாட்டேன். இந்த வரியோடு பேனாவைக் கொடுத்துவிட்டு, கையெழுத்தில்லாமலே இதைத் தபாலில் போடுகிறேன்.